வெள்ளைச் சட்டினி

பிப்ரவரி 26

ஞானசம்பந்தம் சார் இன்றும் மைக்கை விடவில்லை. உணவில் வாழும் கிருமிகளை நாம் எவ்வளவு வாட்டுகிறோமோ அவ்வளவு அவை முரடாகும் என்பது அவருடைய கொள்கை. புளிப்பு, உப்பு, குளிர், வெயில் எதுவானாலும் சரி, சாகாத அளவுக்குக் கொடுத்தால் பிழைத்துக்கொண்டவை அடுத்த முறை இன்னும் பெரிய அடியைத் தாங்குமாம். நம் வயிற்று அமிலத்தைச் சட்டை செய்யாமல் தாண்டிக் குடலுக்குள் இறங்கிவிடுமாம். இளங்கலைப் பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே டீயும் சமோசாவும் கொடுத்திருந்தார்கள்.

சார் ஒரு சோதனைக் குழாயைத் தொட்டு வருடக்கணக்காகிறது. தொடுவது நான்தான். அவர் என் ஆய்வுக்கு நெறியாளர். கட்டுரை வந்தால் அவர் பெயர் முதலில் வரும், வராவிட்டால் என் பெயர் முதலில் கெடும். நான்காவது வருடம் நடக்கிறது. எங்கள் ஆய்வகத்து சால்மோனெல்லா சாரின் கொள்கையைக் கேள்விப்படவே இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் புளிப்பைக் காட்டினால் சுருண்டு செத்துவிடுகிறது. எத்தனையோ தலைமுறையாக வேளாவேளைக்குச் சத்துணவு ஊட்டி வளர்த்த சோம்பேறிக் கிருமிக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

மே மாதத்தோடு உதவித்தொகை நிற்கிறது. அதற்குள் ஏதாவது முடிவு வராவிட்டால் பட்டமில்லை. பட்டமில்லாவிட்டால் கரூரில் அப்பா பார்த்து வைத்திருக்கும் பெட்ஷீட் கம்பெனிக்காரன்தான். போனில் அவன் கேட்ட முதல் கேள்வி, கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தப் பூச்சி வேலையெல்லாம் செய்வீர்களா என்பது. பூச்சியாம்.

மார்ச் 1

ஜெபக்கனி என் சீப்பை உடைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கும் சாக்கில் அரை மணி நேரம் பேசினாள்.

மார்ச் 3

கனியைப் பற்றி ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன். விடுதியில் என் அறைத்தோழி. சொந்த ஊர் நாசரேத். வாழை வேர்களைப் பற்றி ஆராய்கிறாள். வாழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வாய் ஓயாது. பேசாத நேரத்தில் சாப்பிடுவாள். வயிற்றுப் புண்ணுக்காகக் காலையில் அமிலத்தை அடக்கும் மாத்திரை, மாலையில் கேன்டீனில் இரண்டு சிக்கன் ரோல். மாத்திரை எதற்கு என்று கேட்டால், ரோல் சாப்பிடத்தான் என்கிறாள். முனைவர் பட்டம் வாங்கப்போகிற ஆள் பேசுகிற பேச்சு இது.

நான் அசந்திருந்தால் என் தலையில் எண்ணெய் வைத்துவிடுகிறாள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. இன்றும் வைத்தாள்.

மார்ச் 5

விடுதிக்குப் பின்னால் கேன்டீன் நடத்துவது மயிலாத்தாள் அக்கா. போன தீபாவளியிலிருந்து சிக்கன் ரோல் போடுகிறார்கள். ரோல் என்றால் மயோனைஸ் வேண்டுமே. அக்காவின் தங்கை மகன் செல்போனில் வீடியோ பார்த்துச் சொல்லிக் கொடுத்தானாம். பச்சை முட்டை, எண்ணெய், பூண்டு, எலுமிச்சை, உப்பு போட்டு மிக்சியில் ஓட்டி எடுக்கிறார்கள். அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் வெள்ளைச் சட்டினி.

இன்று டீக்கு நின்றபோது அவர் எவர்சில்வர் தூக்கில் புதுச் சட்டினி ஊற்றுவதைப் பார்த்தேன். அடியில் நேற்றைய மிச்சம் ஒரு கரண்டி அப்படியே கிடந்தது. கழுவாமல் ஊற்றுகிறீர்களே என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பாத்தரத்த வெறும்பாத்தரமா வெக்கக் கூடாது கண்ணு, ஏவாரத்துக்கு ஆகாது. ஒரு கரண்டி பழசு கெடக்கோணும், அதுமேல புதுச ஊத்தோணும். தயிருக்கு ஒற ஊத்தறதில்லையா, அதாட்டத்தான்."

தீபாவளிக்கு ஆரம்பித்தது ஒரு நாளும் காலியானதில்லை என்று பெருமையாகச் சொன்னார். வாடை வந்தால் இன்னும் ரெண்டு எலுமிச்சை பிழிவாராம். கரண்டு பில்லுக்குப் பயந்து கடை சாத்தும்போது பிரிட்ஜையும் அணைத்துவிடுவாராம். அரிசிப் பானையில் ஒரு பிடி விட்டு வைக்கும் பழக்கத்தைப் பச்சை முட்டையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதைச் சாப்பிடத்தான் எம்.எஸ்ஸி. படித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 6

சும்மா வேடிக்கைக்காக வெள்ளைச் சட்டினியில் கொஞ்சம் குப்பியில் வாங்கி வந்தேன்.

மார்ச் 10

வேடிக்கை இல்லை. இருக்கிறது. சால்மோனெல்லாதான், இரண்டு முறை பார்த்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்துக் கிருமி சாகிற புளிப்பில் இதையும் போட்டேன். இது பாட்டுக்கு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அப்போதும் இருக்கிறது.

யோசித்தால் எல்லாம் புரிகிறது. எலுமிச்சையில் வலுவில்லாதது சாகிறது, வலுவுள்ளது ஒரு கரண்டியில் தங்குகிறது. மறுநாள் அதன்மேல் புது முட்டை விழுகிறது, தின்று பெருகுகிறது. மறுபடி புளிப்பு, மறுபடி உப்பு, பகலில் குளிர், இரவில் புழுக்கம். தீபாவளியிலிருந்து ஒரு நாள் விடாமல் இந்தப் பாடு. சார் மைக்கில் சொன்னதெல்லாம் விடுதிக்குப் பின்னால் ஒரு தூக்குப் பாத்திரத்தில் நடந்திருக்கிறது. நடத்தியவருக்கு அது தெரியாது. மைக் பிடித்தவருக்கும் தெரியாது.

அக்காவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அது தற்செயலாக இருக்கலாம். முறை என்று ஒன்று இருக்கிறது. இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

மார்ச் 12

எந்த மருந்துக்கு அடங்குகிறது என்றும் பார்த்து வைத்தேன். சாதாரணமாகக் கொடுக்கிற இரண்டு மருந்துக்கு இது மசியவில்லை. மூன்றாவதில் படுத்துவிடுகிறது. கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு மருந்தையும் கலந்து கொட்டுகிற புண்ணியவான்களைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 17

இரண்டாவது மாதிரி முதலாவதைவிட முரடு. வெயில் ஏறியிருக்கிறது அல்லவா. ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருக்கும் குடல் செல்களின்மேல் விட்டுப் பார்த்தேன். எங்கள் சோம்பேறி வாசலிலேயே நிற்கிறது. இது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நான்கு வருடத்தில் முதல் முறையாக ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன்.

மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கனி ரோலுக்குக் கூப்பிட்டபோது, எங்கள் வீட்டில் கம்பம் நட்டால் கறி, முட்டை தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அம்மா தொடமாட்டாள், நான் ஒரு வருடமும் அதைப் பார்த்ததில்லை. கனி உடனே நம்பிவிட்டாள். அவளை ஏமாற்றத் திறமையே தேவையில்லை. உன் பங்கையும் சேர்த்து நானே சாப்பிடுகிறேன் என்று போனாள்.

நானும் அவளை நிறுத்தியிருக்கலாம்தான். என்ன காரணம் சொல்வது? அவளிடம் ஒரு விஷயம் சொன்னால் நாசரேத் வரைக்கும் போய்விடும்.

மார்ச் 21

விடுதியில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தர்ப்பூசணியால் வந்தது என்று விடுதிக் காப்பாளர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். பாவம் தர்ப்பூசணி. அறிவியல் கல்லூரியின் அறிவு இவ்வளவுதான்.

மாலையில் குப்பியோடு போனேன். மயிலாத்தாள் அக்கா இப்போது நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வெயிலுக்குச் சீக்கிரம் வாடை வருகிறது என்று எலுமிச்சையைக் கூட்டியிருக்கிறாராம். கூட்டட்டும். அடுத்த வாரம் கம்பம் பிடுங்குவதற்குள் இன்னும் ஒரு மாதிரி எடுத்துவிட்டால் ஒரு வரைபடமே போட்டுவிடலாம். அதன்பிறகு நிச்சயமாகச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 27

சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இருபது வருடமாக நான் சொன்னது என்றார். நான்கு வருடமாக நான் செய்தது என்று நானும் சொல்லியிருக்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். ஒரு உணவகம் என்றேன். எந்த உணவகம் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் இரண்டு மாதிரி இருந்தால் வெளிநாட்டு இதழுக்கே அனுப்பலாம் என்றார். மனசாட்சி என்று ஒன்று இந்த மனுஷருக்குக் கிடையாது.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவுக்குப் போன் செய்து பெட்ஷீட்டை மடித்து வைக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கனிக்குப் புரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் முடிவு வந்ததற்காக அவள் எனக்கு முட்டை சேர்க்காத கேக் வாங்கினாள், அவளுக்கு ரோல் வாங்கிக்கொண்டாள். கம்பத்தை நேற்றே பிடுங்கியாகிவிட்டது. எனக்கு இன்னும் நோன்பு இருக்கிறது, ஒரு மண்டலம் வேண்டியிருக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 2

கனிக்கு வயிற்று வலி. சூடு பிடித்திருக்கும். இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 3

காய்ச்சல். காலையிலிருந்து எதுவும் உள்ளே நிற்கவில்லை. காப்பாளர் மாத்திரை கொடுத்துவிட்டு, தர்ப்பூசணி சாப்பிட்டாயா என்று கேட்டார். மாலையில் கனி பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாத கனியை நான் பார்த்ததே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4

ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா தங்கபுஷ்பம் முதல் பஸ்ஸில் ஏறி மதியம் வந்துசேர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் என் பிள்ளை அறைக்குள்ளேயே கிடந்து போயிருப்பாளே என்று அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விடுவதாகவும் இல்லை.

டாக்டர் இளம் வயது, என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். மருந்து ஆரம்பித்து ஒரு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். இது மசியாத அந்த இரண்டில் ஒன்று.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொன்னால் என்னென்ன போகும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. கட்டுரை, பட்டம், சார், காலேஜ், போலீஸ்கூட. உள்ளே கனி கிடக்கும்போது இந்த வரிசையைப் போட்டேன். எழுந்துபோய் டாக்டரிடம் மூன்றாவது மருந்தின் பெயரைச் சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். கேன்டீன் சாப்பாட்டிலிருந்து இந்தக் கிருமியை எடுத்து ஆய்வகத்தில் பரிசோதித்தேன் என்றேன். பொது சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, மருந்தை மாற்றிவிடுகிறேன் என்று ஓடினார். எப்போது பரிசோதித்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு அவளைப் பிடிக்கும். இதை எழுத இவ்வளவு நாளாகியிருக்கிறது.

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கேன்டீனுக்குப் போனேன். அதிகாரிகள் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மயிலாத்தாள் அக்கா கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கனிக்கு என்ன ஆனது, எதனால் ஆனது, சட்டினியில் என்ன இருந்தது என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். அப்புறம் தூக்கையே குப்பையில் போட்டார். இதெல்லாம் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?" என்றார்.

போன மாதம் என்றேன்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொட்டியிருப்பனே. நீ வந்து வந்து குப்பில வாங்கீட்டுப் போனயே, உனக்கு அவ்வளவு புடிச்சிருக்குதாக்கும்னு நெனச்சுட்டனே."

ஒரு வார்த்தை சொன்னால் கொட்டுவார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லை. மூடநம்பிக்கைக்காரி, சொன்னால் சண்டைக்கு வருவார் என்று வசதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தால் சொல்ல வேண்டியதில்லையே. மாலை அவர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

மருந்து பிடித்துவிட்டது. காய்ச்சல் இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் மட்டும் இன்னும் ஒழுங்காகவில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 8

சார் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் காதுக்கு வந்திருக்கிறது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை வாங்க முடியுமா என்று கேட்டார். பாத்திரத்தில் இருந்ததும் ரத்தத்தில் இருந்ததும் ஒன்று என்று காட்டிவிட்டால் கட்டுரை எங்கேயோ போய்விடுமாம். மனித மாதிரி, மனித மாதிரி என்று நாலு தடவை சொன்னார். அந்த மாதிரிக்கு ஜெபக்கனி என்று பெயர் சார் என்றேன். அதையெல்லாம் கட்டுரையில் போடத் தேவையில்லை என்றார்.

இப்படி ஒரு ஜென்மமா என்று திட்டிக்கொண்டே படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மூன்றாம் தேதி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதே யோசனை எனக்கும் வந்தது. ஒரு நொடிதான், ஆனால் வந்தது. சார் அதை வாய்விட்டுச் சொன்னார், நான் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

கிருமி வளர்த்த குழாய்களையெல்லாம் அழுத்தக் கொதிகலனில் போட்டு அழித்துவிட்டேன். சார் பொறுப்பில்லாதவள் என்று கத்தினார். அதில் மட்டும் அவர் சரி.

ஏப்ரல் 13

கனியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாதியாகிவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், குரல் பக்கத்தில் போனால்தான் கேட்கிறது. வாரம் இருமுறை சிறுநீரகத்துக்கு ரத்தச் சுத்திகரிப்பு செய்கிறார்கள். இது சரியாகிவிடலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். நர்ஸின் காதல் கதை, பக்கத்துக் கட்டில் பாட்டியின் மருமகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போதும்போல் மனசுக்குள் ஏதாவது குத்தலாகச் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அவள் அம்மா வெந்நீர் வாங்க வெளியே போயிருந்தார். கனி என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நல்ல வேள, நீ அந்த ரோலத் தொடல. ஐசியூல கெடக்கும்போ அம்மாட்ட அதத்தான் சொன்னேன். கோகிலாவுக்கு ஒண்ணும் வரலல்லா, அவ நோம்பு அவளக் காப்பாத்திட்டுன்னு. ஒனக்காண்டியும் ஜெபம் பண்ணேன், பாத்துக்க."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். டாக்டர் கேட்கவில்லை, அக்கா சொல்லவில்லை, சாருக்குக் கவலையில்லை. உலகத்தில் யாரும் இதை என்னிடம் கேட்கப்போவதில்லை. நான் சொல்லாவிட்டால் இவள் ஆயுசுக்கும் என்மேல் பிரியமாக இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை.

"நோம்பெல்லாம் இல்ல கனி," என்றேன். "அதுல கிருமி இருக்குன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சாப்பிடல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

"எப்பருந்து?"

"மார்ச்லருந்து. இன்னும் கொஞ்சம் மாதிரி எடுக்கணும்னு சொல்லாம இருந்தேன்."

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தங்கபுஷ்பம் அம்மா வெந்நீரோடு உள்ளே வந்தார். இவ்வளவு நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாயே, இட்லி வாங்கி வரவா என்று என்னிடம்தான் கேட்டார். கனி, தன்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாள். குழாய்கள் இருப்பதால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, தோளைப் பிடி என்று என்னிடம் சொன்னார். நான் குனிந்தேன்.

"அவ தொட வேண்டாம்மா," என்றாள் கனி. "நர்ஸக் கூப்பிடு."

அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையை எடுத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடப் போனேன்.